என் காதுக்கு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு

அன்பு மச்சான் பஷீருக்கு,

எங்கே இருக்கிறாயோ, அங்கேயும் நீ சும்மா இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், "இந்தப் பாட்டுக்கு அப்பறம் அந்தப் பாட்ட வெச்சா கூட்டத்துல எடுக்குமா, எடுக்காதா?" என்று கேட்டுப் பிராணனை வாங்கிக்கொண்டிருப்பாய். பாவம், அவர் இனி எழுந்து தப்பிக்கவும் முடியாது.

நீ போனதும் உனக்குப் பொன்னேரி ஸ்டேஷன் எதிரில் ஒரு பேனர் வைக்கலாம் என்று நம் கச்சேரிக் குழுவில் எல்லோரும் முடிவு செய்தோம். கீபோர்டுக்குப் பின்னால் நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். உன் வாப்பாவிடம் கேட்கப் போனேன். "படமெல்லாம் வேணாம்பா தாஸு. அவனுக்காக துவா செய்யுங்க, அது போதும்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். நான் மாதா கோவிலுக்குப் போகிறவன், எனக்குத் தெரிந்த விதத்தில் உனக்காக வேண்டிக்கொண்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாலு பேர் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். பகலில் நீ செல்போன் கடைக்காரன், நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் மில் தொழிலாளி. மேடை ஏறினால் நீ கீபோர்டு, உனக்குப் பின்னால் நான் ட்ரம்ஸ், முன்னால் கலா பாடுவாள். மச்சான், மாமா என்று விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்தோம். நீ நூருவைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து அது விளையாட்டு இல்லாமல் போய்விட்டது.

அந்த லேப்டாப் வருவதற்கு முன்னால் நம் கச்சேரி எப்படி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பாட்டு முடிந்ததும் நீ குனிந்து கீபோர்டில் பொத்தான் பொத்தானாகத் தேடுவாய். அதுவரை கலா மைக்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வாழ்த்து மேல் வாழ்த்தாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். வாழ்த்து தீர்ந்துபோய் மாப்பிள்ளையின் சித்தப்பாவரைக்கும் போவாள். பின்வரிசையில் விசில் கிளம்பும்.

பிறகு யாரோ கொடுத்த பழைய லேப்டாப்போடு வந்தாய். மேடைக் கச்சேரிக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, நம் பாட்டையெல்லாம் அதில் அடுக்கி வைத்துவிட்டால் காலால் ஒரு கட்டையை மிதித்தால் போதும், அடுத்த பாட்டு தானாகத் திறக்கும், அதற்கு வேண்டிய சத்தமெல்லாம் கீபோர்டில் தானாக வந்து உட்காரும் என்றாய். கலா நம்பவில்லை. "அப்ப பாட்றதுக்கும் ஒரு கட்ட இருக்குதா? நான் ஊட்டுக்குப் போவட்டா?" என்று கேட்டாள்.

கடையில் ஆள் வராத மத்தியானமெல்லாம் நீ பாட்டு அடுக்கினாய். ஊரில் எல்லோரும் படத்தின் பேரை வைத்து அடுக்குவார்கள், இல்லையென்றால் அகர வரிசை. நீ அடுக்கியது கூட்டத்தின் மூஞ்சியைப் பார்த்து. 'பந்திக்கு முன்', 'பந்திக்குப் பின்', 'மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கோச்சிக்கினு இருந்தா' என்றெல்லாம் ஒவ்வொரு கட்டுக்கும் பேர் வைத்திருந்தாய். 'ஷிஃப்ட் மாறும்போது' என்று ஒரு கட்டு இருந்தது. அது எங்கள் தொழிற்பேட்டைக்கென்றே நீ செய்தது.

ஆயுத பூஜை அன்று இங்கே மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, மாலை போட்டு நிறுத்திவிடுவார்கள். வேலை இல்லாவிட்டாலும் பொரியும் ஸ்வீட் பாக்ஸும் வாங்க இரண்டு ஷிஃப்டும் வரும். மத்தியானம் முதல் ஷிஃப்ட் கிளம்பும், அடுத்த ஷிஃப்ட் உள்ளே வரும், நம் கச்சேரி நடுவில் மாட்டிக்கொள்ளும். காலையில் நன்றாக எடுத்த பாட்டை நீ அந்த இடத்தில் வேறு தாளத்தில் மறுபடி வைப்பாய். "போறவன் கேட்டாண்ட நிக்கணும், வர்றவன் சேர்ல ஒக்காரணும். ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டு மச்சான்" என்பாய். கடைசி நிமிஷம்வரை வரிசையை மாற்றிக்கொண்டே இருப்பாய். எத்தனை நாள் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்!

அந்த சாஃப்ட்வேரில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். தாளம் தவறாமல் இருக்க என் காதில் ஒரு ஹெட்போன் மாட்டிவிட்டாய். பாட்டு முழுக்க அதில் டொக் டொக் என்று ஒரு சத்தம் வரும். மில்லில் நாள் முழுக்க இரும்பு தட்டுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன், இங்கேயும் அதேதானா என்று நான் குச்சியைத் தூக்கிப் போட்டேன். நீ சிரித்தாய். "சரி, வுடு. உன் காதுக்கு நானே வரேன்" என்றாய்.

அடுத்த ஒத்திகையில் ஹெட்போனை மாட்டினேன். டொக் டொக் சத்தத்தைச் சன்னமாக்கி, அதற்கு மேல் உன் குரலைப் பதிந்து வைத்திருந்தாய். "மச்சான், ரெடியா? முதுகு நேரா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." வேறு யாருக்கும் கேட்காது, எனக்கு மட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு விதம். "அடக்கி வாசி, கலாவுக்கு மூச்சு வாங்குது." "இன்னும் பந்தி முடியல, இழு, இழு." "ஒண்ணு, ரெண்டு, டேய் கொட்டாவி வுடாத, மூணு, நாலு." அந்த இடத்தில் நான் கொட்டாவி விடுவேன் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

நான் மேடையில் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி மேரி ஒரு நாள் பிடித்துக்கொண்டாள். "இன்னா, கல்யாணப் பொண்ணோட ஃப்ரெண்ட்ஸுங்கள பாத்துக்கினு பல்ல இளிக்கறியா?" என்றாள். உன் பேரைச் சொன்னால் நம்பவா போகிறாள்? பேசாமல் திட்டு வாங்கிக்கொண்டேன்.

நோன்பு வருவதற்கு முன்னால் ஒரு காலை, கடை ஷட்டரைத் தூக்கப்போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் மில்லுக்குள் இருந்தேன், அங்கே போன் எடுத்துப் போக விடமாட்டார்கள். எனக்குத் தகவல் வந்து நான் ஓடி வருவதற்குள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கபர்ஸ்தானில் மண் போட மட்டும்தான் எனக்குக் கிடைத்தது.

உன் இடத்துக்கு ஹேமா வந்தாள். ஆரம்பாக்கத்துப் பெண், பிரவுசிங் சென்டரில் வேலை. உன் சாஃப்ட்வேரைப் பார்த்ததும் புரிந்துகொண்டவள் இந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான். முதல் ஒத்திகைக்கு உன் லேப்டாப்பையே திறந்தாள். நான் எதையும் யோசிக்காமல் ஹெட்போனை மாட்டினேன். "மச்சான், ரெடியா?" என்றாய்.

குச்சி கையிலிருந்து விழுந்துவிட்டது. வேர்வை வழுக்கிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். செத்தவன் குரல் என்று பயம் வரவில்லை மச்சான், கோபம்தான் வந்தது. ரெடியா என்று என்னைக் கேட்கிறாயே, நீ ரெடியாக இருந்தாயா?

ஆனால் அதற்குப் பிறகு ஒத்திகை எப்போது வரும் என்று நாள் முழுக்க ஏங்கினேன். மில்லில் நிற்கும்போதும் அதே நினைப்பு. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அதோடு, இது எனக்கு மட்டும் உரியது என்ற பேராசையும் இருந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கச்சேரி. 'ஷிஃப்ட் மாறும்போது' கட்டில் ஒரு காதல் பாட்டு இருக்கிறதே, இரண்டாவது சரணம் முடிந்ததும் நான் நிறுத்துவேன், நீ தனியாகப் புல்லாங்குழல் சத்தத்தில் கொஞ்ச நேரம் வாசிப்பாயே, அதுதான். ஹேமா ஒத்திகையிலேயே சொல்லிவிட்டாள். "அந்த எடத்துல நிறுத்தாதீங்கண்ணா, நேரா போயிடலாம். அது அவரு வாசிக்கற எடம், எனக்கு வராது." நானும் தலையாட்டினேன். ஒத்திகையில் நேராகத்தான் போனேன்.

கச்சேரி அன்று முதல் ஷிஃப்ட் ஆட்கள் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், அடுத்த ஷிஃப்ட் நாற்காலி தேடிக்கொண்டிருந்தது. நீ ஆசைப்பட்டபடியே அமைந்த கூட்டம். சரணம் முடிந்தது. "நிறுத்து மச்சான், கை தட்ட வுடு" என்றாய். என் கை நின்றுவிட்டது.

நின்றது மட்டும் இல்லை. குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி உன் புல்லாங்குழலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கலா அந்தரத்தில் நின்று பாடுகிறாள், ஹேமா திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், நான் காத்திருக்கிறேன். கேட் பக்கமிருந்து ஒருத்தன், "இன்னாபா, கரண்ட் கட்டா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

எப்படியோ பாட்டை முடித்தோம். சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் ஷெட்டில் கலா என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். "இன்னா தாஸண்ணா, தூங்கிக்கினு இருந்தியா? என் மானமே போச்சு!" என் ஹெட்போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்த ஹேமா, அதற்குப் போகிற சத்தத்தை மட்டும் லேப்டாப் ஸ்பீக்கரில் திருப்பிவிட்டாள். பொரிப் பொட்டலங்களுக்கு நடுவில் உன் குரல் வந்தது. "நிறுத்து மச்சான், கை தட்ட வுடு."

கலா இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். பிறகு, "இன்னொரு வாட்டி போடு ஹேமா" என்றாள்.

ஹேமா போட்டாள். ஒன்றுக்கு நாலு பாட்டு போட்டுக் கேட்டோம். கலா அழுதாள், ஹேமா அழவில்லை. அவள் உன்னைப் பார்த்ததே கிடையாதே. லேப்டாப்பை மூடிவிட்டு என்னிடம் நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணா, அவரு பெரிய ஆளு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா நான் வாசிக்கும்போது நீங்க என்ன கேக்கறதே இல்ல. நான் உங்க முன்னாடி நிக்கறேன், நீங்க காதுக்குள்ள இருக்கறவருக்கு வாசிச்சிக்கினு இருக்கீங்க. எங்க நைனாகிட்ட சண்ட போட்டுட்டு நான் மேடைக்கு வரேன்ணா. ஒண்ணு, அந்தக் குரல எடுத்துடுங்க. இல்லன்னா வேற ஆள பாத்துக்கோங்க."

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் அவ்வளவு ஆத்திரம் வந்தது. அவள் போய்விட்டால் உன் பாட்டு வரிசையைத் திறந்து வாசிக்க ஆள் இல்லை, குழுவே இல்லை, பாடுவதை விட்டால் கலா என்ன ஆவாள்? அவள் இருக்க வேண்டுமானால் நீ போக வேண்டும். ஒரு தடவை போனவனை நானே இன்னொரு தடவை அனுப்ப வேண்டுமா? ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரம் மேரி நூருவைப் பார்க்கப் போனாள். நூரு இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் வெளி ஆண்கள் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டவளை நானும் பார்க்க முடியாது. தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு, மேரியை மட்டும் உள்ளே அனுப்பினேன். அவள் திரும்பி வந்து பைக்கில் ஏறியதும் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு ஒண்ணு கேக்குதுங்க. 'அண்ணி, அவரு குரலு எதுலயாவது இருக்குமா? செல்போன் கட வெச்சிக்கினு இருந்தாரு, ஆனா ஊட்ல அவரு குரலு ஒண்ணு கூட இல்ல. மறந்துடுவேனோன்னு பயமா இருக்குது'ன்னு சொல்லுது."

மேரி பின்னால் உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று, என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் ஊரெல்லாம் மேடை போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அந்தப் பெண் ஒரு வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது மச்சான்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமாவின் வீட்டுக்குப் போனேன். குரலை மட்டும் தனியாக எடுத்து சிடியில் போட்டுக் கொடு என்றேன். எதற்கு என்று சொன்னதும் காபி கூடக் கொடுக்காமல் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு பாட்டாக வந்தது. ட்ரம்ஸ் இல்லாமல் உன் குரலை நான் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உன் வாய் கொஞ்ச நஞ்ச வாயா? கலாவின் கோபம், என் தொப்பை, நூரு வைத்த கத்திரிக்காய்க் குழம்பு வேகவில்லை என்ற புகார், நடுநடுவே கெட்ட வார்த்தை. "இதெல்லாம் எடுத்துடும்மா" என்றேன். ஹேமா சிரித்துவிட்டாள். "எதுக்குண்ணா? பொண்டாட்டிக்குத் தெரியாத வாயா இது?"

முடிந்ததும் அவள் கீபோர்டை இழுத்து வைத்தாள். "அந்தப் புல்லாங்குழல் எடம் இருக்குதில்ல, அங்க அவரு ஏன் நிறுத்தினாருன்னு இப்பதான் புரியுது. அவர மாதிரி எனக்கு வராது. நான் வேற ஒண்ணு வாசிக்கறேன், கேக்கறீங்களா?" என்றாள். கேட்டேன். வயலின் சத்தத்தில் சின்னதாக ஒன்று வாசித்தாள். நன்றாக இருந்தது மச்சான். நீ இருந்தால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய்.

இத்தா முடிந்த பிறகு மேரியோடு நானும் உன் வீட்டுக்குப் போனேன். நூரு மெலிந்திருந்தாள். "வாண்ணே" என்றாள். சிடி பிளேயரைக் கொடுத்து, இது பாட்டு இல்லை, அவன் எனக்காக எண்ணியது என்று சொன்னேன். ஹெட்போனை முக்காட்டுக்குள் விட்டு மாட்டிக்கொண்டாள்.

அழுவாள் என்று நினைத்து மேரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளோ சிரித்தாள். "கத்திரிக்கா வேவலையாம்! பாத்தியாண்ணி, எல்லாத்தையும் சப்பு கொட்டித் துன்னுட்டு மேடைல போய் என்ன வுட்டுக் குடுத்துக்கினு இருந்துக்கறாரு!" திடீரென்று நிறுத்தினாள். திருப்பிப் போட்டுக் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"அவரு எண்ணுறத வுடுண்ணே. பின்னாடி கேளு."

எத்தனையோ தடவை கேட்ட எண்ணிக்கைதான். ஆனால் அது பாட்டின் நடுவில் வருவது, நான் அடித்துக்கொண்டிருப்பேன், அதனால் பின்னால் இருப்பது ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. ஹேமா வீட்டில் கேட்டபோது, லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரிலும் அது விழவில்லை. உன் குரலுக்குப் பின்னால், தூரத்தில், தட்டு வைக்கிற சத்தம். "சோறு ஆறுது, வாங்க!" என்று நூரு. நீ முகத்தைத் திருப்பி, "வரேன், வரேன்" என்கிறாய். பிறகு எனக்கு எண்ணி முடிக்கிறாய்.

"அன்னிக்கு வரவே இல்லண்ணே அவரு" என்றாள் நூரு. "சோறு ஆறிப்போச்சு. நான் கத்தினேன். 'தாஸுக்கு எண்ணிக்கினு இருந்தேன்'னாரு." பிறகு அந்த சிடி பிளேயரை மடியில் வைத்துக்கொண்டாள். "இது ஊட்டுக் குரலுண்ணே. இது என்னாண்டயே இருக்கட்டும். மேடைக்கு இனிமே நீ எண்ணிக்கோ."

அடுத்த ஒத்திகையில், "நீங்களே எடுத்துடுங்கண்ணா" என்று ஹேமா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு பாட்டாகத் திறந்து, உன் குரலை நானே எடுத்தேன். நீ அடுக்கிய வரிசையில் கை வைக்கவில்லை. கோபக்கார மாப்பிள்ளை வீடு, ஷிஃப்ட் மாறுகிற நேரம், எல்லாம் நீ வைத்த பேரோடு அப்படியே இருக்கிறது. என் காதில் இனி டொக் டொக்தான்.

நாளை மீஞ்சூரில் ஒரு கல்யாண வரவேற்பு. நீ இல்லாமல் நான் வாசிக்கப்போகிற முதல் மேடை அதுதான், இதுவரை வாசித்ததெல்லாம் உன்னோடுதான் கணக்கு. பயமாக இருக்கிறது மச்சான், உன்னிடம் சொல்வதற்கென்ன. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். இனி ஒவ்வொரு பாட்டுக்கும் நானே எண்ணுவேன், கலாவுக்கும் ஹேமாவுக்கும் கேட்கும்படி வாய் விட்டு எண்ணுவேன். எண்ணி முடித்ததும் என் முன்னால் நிற்கிறவள் வாசிப்பதைக் கேட்பேன். நூரு எதற்குக் கூப்பிட்டாலும் உடனே எழுந்து போவேன். உன்னைப் போல வரேன் வரேன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நூருவுக்கு அண்ணன், ஆகையால் என்றைக்கும் உனக்கு மச்சான்,
தாஸ்